கணுக்கால் மூட்டுத் தேய்வுக்கு பிரேஸ் போட்டால் நடக்கும்போது நோ குறையுமா?

குறையும். ஆனால் ஃபார்மசியில் தொங்குகிற, காலுறை மாதிரி இழுத்துப் போடுகிற இலாஸ்டிக்கை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றால், அது சூடாக இருக்கும், வீக்கத்தைக் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். தேய்ந்த மூட்டு அசையும்போதுதான் நோகிறது. அசைவை மறிக்கிற பிரேஸ்தான் வேலைக்காகும்.

முழங்கால் தேய்வில் வயதுக்குப் பங்கு அதிகம், கணுக்காலில் அப்படியில்லை. பெரும்பாலும் பழைய முறிவு, சுளுக்கின் மிச்சம். எனக்கு 1995 இடப்பெயர்வு, போரால் யாழ்ப்பாணத்துச் சனம் ஒன்றாக வெளிக்கிட்ட நேரம். நாவற்குழிப் பக்கம் சனநெரிசலில் விழுந்து முறிந்தது. எக்ஸ்ரேக்கு எங்கே போக? பரியாரியார், நாட்டு வைத்தியர், பத்துப் போட்டு மட்டை வைத்துக் கட்டினார். (பரியாரியைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதேங்கோ. அந்த மழைக்குள் அவர்தான் இருந்தார்.) ஐம்பது தாண்டத்தான் வினை தொடங்கியது.

கனடா மச்சான் லேஸ் கட்டுகிற பிரேஸ் ஒன்று அனுப்பினார். தார் ரோட்டில் பரவாயில்லை, எங்கள் ஒழுங்கைக் கல்லில் கால் பிரளும். பிறகு யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போனேன். 1987இல் தொடங்கிய இடம். பொய்க்கால் மட்டும்தான் செய்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், கால்தாங்கியும் செய்வார்கள். என் காலில் அச்செடுத்து பிளாஸ்டிக்கில் செய்து தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய் வருகிறேன். தேய்வு திரும்பாது, தெரியும். "பிரேஸ் போட்டால் தசை சூம்பிப்போகும்" என்று எழுத வருகிறவர்களுக்கு: நடக்கும்போது மட்டும்தான் போடுகிறேன், பிசியோ சொன்ன பயிற்சியும் விடுவதில்லை.

தொல்லை வேறிடத்தில். இது சப்பாத்துக்குள்தான் வேலை செய்யும், அதுவும் ஒரு அளவு பெரிய சப்பாத்து. இந்த ஊரில் சப்பாத்தோடு எங்கே போகலாம்? சொந்தக்காரர் வீட்டு வாசலில் கழற்று, செத்த வீட்டில் கழற்று. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதியிலேயே வெறுங்கால். அந்த நாட்களில் ஊன்றுகோல்தான்.

காலைக் கண்டவுடன் "சீனி வருத்தமோ?" என்பார்கள், நீரிழிவைத்தான். எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் தினமும் தோலைப் பாருங்கோ. கால் மரத்தவர்களுக்கு பிரேஸ் உரசிப் புண் வந்தாலும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ, பாரம் விழும்போதுதான் இடைவெளி குறைந்தது தெரியும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மினிபஸ்காரர் படியில் கால் வைக்கமுதல் இழுக்கிறார்கள். "அண்ணை, கெதியா ஏறுங்கோ" என்கிறான் கொண்டக்டர், பிரேஸைப் பார்த்துக்கொண்டே. கணுக்கால் மடங்காதவன் எப்படியடா கெதியாக ஏறுவது?