எழுத்தெல்லாம் தெரிந்தும் மூன்றாம் வகுப்பு மகள் வாசிக்கத் திணறுகிறாள், வீட்டில் என்ன செய்யலாம்?

எழுத்துக் கேட்டால் டக்கென்று சொல்கிறாள், ஒரு பத்தியைக் கொடுத்தால் நாலாவது சொல்லில் நின்றுவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வாசிக்க வருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

247 எழுத்தும் தெரிவது வேறு, வாசிப்பது வேறு. 'கொக்கு' என்ற சின்னச் சொல்லையே பாருங்கள். 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ க-வில் தொடங்குகிறது. கண் ஒரு வரிசையில் பார்க்க, வாய் வேறு வரிசையில் சொல்ல வேண்டும். 'க' என்ற ஒரே எழுத்து கடல், தங்கம், பகல் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஏற்கெனவே காதில் விழுந்த சொல்லாக இருந்தால் பிள்ளை இதையெல்லாம் தானே சரி செய்துகொள்ளும். கேட்டிராத சொல்லில்தான் நிற்கும்.

எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது இதுதான்: புத்தகத் தமிழைப் பிள்ளைகள் போதுமான அளவு கேட்டதே இல்லை. எங்கள் பக்கம் வீட்டில் 'அவுக வந்தாக' என்போம். புத்தகத்தில் 'அவர்கள் வந்தார்கள்' என்றிருக்கும். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த வரியை 'அவுக வந்தாக' என்றே வாசித்தான். அவன் அம்மாவுக்குக் கோபம். எனக்கு அவனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் மொழியில் சொல்லியிருக்கிறான்! அந்த இடத்தில் அதட்டினால் அடுத்த வரிக்கு வாயே திறக்க மாட்டான். 'ஆமாம்ப்பா, அதையே புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள், பார்ப்போம்' என்றேன். விரல் வைத்துத் திரும்ப வாசித்தான்.

அதனால் தினமும் பதினைந்து நிமிடம் நீங்கள் சத்தமாக வாசியுங்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரியைப் பார்க்கட்டும். பாடப்புத்தகம் வேண்டாம், கதை வேண்டும். நடுவில் நிறுத்தி 'அப்புறம் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். அவளே வாசிக்கத் தொடங்கிய பிறகும் இதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, அவள் சொல்வதை நீங்கள் எழுதுவது. ஒரு பெண் தன் ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) சீப்புச் சீடை செய்த கதையைச் சொன்னாள். மாவு பிசைந்தது, அச்சில் பிழிந்தது, விரலில் சுற்றி ஒட்டியது, முதல் ஈடு கருகிப் போனது எல்லாம். 'ஆயா மாவு பெசஞ்சாக' என்று அவள் வாய்ச்சொல்லையே எழுதிக் கொடுத்தேன். ஒரு வரியில் நிற்கும் பிள்ளை, அந்தத் தாளை நாலு தரம் வாசித்தாள். மறுநாள் ஒவ்வொரு வரிக்கும் கீழே 'பிசைந்தார்கள்' என்று புத்தகத் தமிழில் சேர்ந்து எழுதினோம். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரத்தையும் விடாதீர்கள். பஸ் பலகையில் தேவகோட்டை வாசித்த பிள்ளைக்குப் புதுக்கோட்டை பாதி வந்துவிடும், கோட்டையூர் முக்கால்வாசி வந்துவிடும். காரைக்குடி, குன்றக்குடி, பரமக்குடி என்று 'குடி'யைத் தேடச் சொல்லுங்கள். எழுத்தெழுத்தாகக் கூட்டாமல் துண்டு துண்டாகப் பார்க்கக் கண் பழகுவது இப்படித்தான்.

அவள் வாசிக்கும்போது ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கே போகாதீர்கள். வாக்கியம் முடியட்டும். பாதிப் பிழையை அவளே திரும்பிப் போய்த் திருத்துவாள். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் திணறினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவளுக்கு அதைவிட எளிதானதைக் கொடுங்கள். கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் மாற்றி மாற்றி எடுக்கலாம். ஒன்றாம் வகுப்புப் புத்தகமா என்று கூச்சப்பட வேண்டாம்.

கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். எங்களிடம் வந்த ஒரு பிள்ளை புத்தகத்தை மூக்கருகே வைத்தே வாசிப்பாள், வரி மாறி மாறிப் போகும். கவனமில்லை என்றே எல்லோரும் நினைத்தோம், நானும்தான். கண்ணாடி போட்ட அன்று, எதிர் வீட்டுச் சுவரில் எழுதியிருந்ததை முகப்பில் உட்கார்ந்தபடியே முதல் தடவையாக வாசித்தாள்.