முண்டக்கண் மட்சு – கடிதம்

அன்புள்ள ஐயா,

1921இல் வந்த ‘ஜிராயா’ என்ற ஜப்பானிய மௌனப்படம் பார்த்தேன். ஜப்பானின் முதல் திரை நட்சத்திரம் ஓனோவே மட்சுனோசுகே நடித்தது. கேமரா ஓர் இடத்திலேயே நிற்கிறது. அவர் கண்ணை உருட்டுகிறார், கையைக் காலை விரித்து நிற்கிறார், புகையில் மறைந்து தேரையாகிறார். இதற்கா அந்த ஊரே கிறங்கிக் கிடந்தது? இவரை நடிகர் என்று சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் பார்த்தது பாதிப் படம்தான். அன்றைக்குத் திரைக்குப் பக்கத்தில் ‘பென்ஷி’ என்ற கதைசொல்லி நின்று, பாத்திரங்களுக்குக் குரலும் கொடுத்துக் கதையையும் சொல்லிக்கொண்டிருப்பார். மட்சுனோசுகே முறைத்து நிற்கும் அந்த நொடிகள் பென்ஷியின் குரலுக்காக விட்ட இடம்.

ஒக்காயாமாவில் 1875இல் பிறந்தவர், ஊர் ஊராகப் போய் ‘கபுகி’ என்ற ஜப்பானிய மரபு நாடகம் ஆடியவர். கியோட்டோவில் நாடகக் கொட்டகை நடத்திய மக்கினோ ஷோசோ 1909இல் அவரைப் படத்துக்கு இழுத்துவந்தார். நடிகர்கள் கையில் வசனத்தாள் கிடையாது. மக்கினோ கேமரா பக்கத்தில் நின்று வசனத்தை உரக்கச் சொல்வார், அதைக் கேட்டபடியே நடிக்க வேண்டும். பிலிமை மிச்சம் பிடிக்கக் கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றுவார்கள். நீங்கள் பார்த்த விடுக் விடுக்கென்ற அசைவுக்கு அதுவும் ஒரு காரணம். கேமராவோ எட்டத்தில். முகத்தை அருகில் காட்டாத அந்தப் படங்களில், கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டியது கண்தான். உச்சகட்டத்தில் உறைந்து நின்று விழியை உருட்டுவது கபுகியில் பெரிய வித்தை. அதை அவர் திரைக்குக் கொண்டுவந்தார். ஜனங்கள் ‘முண்டக்கண் மட்சு’ என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

சுமார் 17 வருஷத்தில் ஆயிரம் படங்களுக்கு மேல். சராசரியாக வாரத்துக்கு ஒன்றைத் தாண்டும்! ‘சூஷிங்குரா’ படத்தில் பிரபு அசானோவும் அவரே, அந்தப் பிரபுவுக்காகப் பழிவாங்கும் ஓயிஷியும் அவரே. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான், அவற்றிலும் சில துண்டு துண்டாக. எனக்கு ஆற்றாமை இங்கேதான். இந்த மிச்சத்தை, அதுவும் குரல் இல்லாமல் பார்த்துவிட்டு, ‘வெறும் மேடை நடிப்பு’ என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

சரி, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருடைய வாள்சண்டை நடனம் மாதிரிதான் இருக்கும். 1925இல் ‘ஓரோச்சி’ படத்தில் பண்டோ சுமாசபுரோ என்ற நடிகர் மூச்சிரைக்க, வெறிபிடித்தவர்போல் வாளைச் சுழற்றியதும் மட்சுனோசுகே பழைய ஆளாகத் தெரிந்திருப்பார். மறுவருஷமே காலமானார். அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காண கியோட்டோத் தெருக்களில் பெருங்கூட்டம் கூடியது. கடைசிவரை அவர் ஆடியது, தனக்குத் தெரிந்த கலையைக் கொஞ்சமும் குறைக்காமல்தான். அதை நான் குறையாக நினைக்கவில்லை.

‘சூஷிங்குரா’வைப் பென்ஷியின் குரலோடு தேடிப் பாருங்கள். அசானோவுக்கும் ஓயிஷிக்கும் அவர் நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். அப்புறம் எழுதுங்கள், பேசுவோம்.