பத்தாம் வகுப்பு வருகிறது, குடத்தை இறக்கி வைக்கச் சொல்லலாமா?

கேள்வி: என் தம்பி வில்லுப்பாட்டுக் குழு வைத்திருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் இரண்டு வருடமாக மாமாவோடு போய்த் தாளத்துக்குக் குடம் அடிக்கிறான். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு என்பதால், இனி கொடைக்கு (ஊர்க் கோயில் திருவிழாவுக்கு) போகக் கூடாது என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். அதிலிருந்து பையன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாத்தியம் படித்தால் மூளை வளரும், மார்க் கூடும் என்கிறார்களே, உண்மையா? விடலாமா, நிறுத்தலாமா? (ஒரு தாய், அம்பாசமுத்திரம் பக்கம்)

பதில்: மார்க் விஷயத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். குடம் அடிப்பதால் கணக்கில் மார்க் ஏறாது. மோட்சார்ட் இசை கேட்டால் அறிவு வளரும் என்ற பேச்சு, 1993-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் சோதித்தது கல்லூரி மாணவர்களை. தாளை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துபோனது. அதை நம்பி 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கக் கிளம்பிவிட்டார்! டொராண்டோவில் 144 பிள்ளைகளை வைத்து நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் இசை கற்றவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிட மூன்று புள்ளிக்கும் குறைவாகத்தான் கூடியிருந்தது. பிற்பாடு இன்னும் கறாராகச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசமும் கரைந்துவிடுகிறது. அதனால் வீட்டுக்காரரிடம் மார்க்கைச் சொல்லி வாதாடாதீர்கள். தோற்றுப்போவீர்கள்.

சொல்ல வேண்டியது வேறு. வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் என்ன செய்கிறான் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். முதன்மையாகப் பாடும் புலவர், வில்லை அடிக்கும் வீசுகோலை ஓங்கும்போதே வேகம் மாறப்போகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வசனம் பேசும்போது குடம் அடங்க வேண்டும், பாட்டு எடுக்கும்போது எழும்ப வேண்டும். உடுக்கைக்காரரும் ஜால்ராக்காரரும் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு காது அங்கேயும் இருக்க வேண்டும். சாமி வருகிற நேரத்தில் எதிரே கூட்டம் கொந்தளிக்கும். இவன் தாளம் விடக் கூடாது. தன்னைவிட மூத்த நாலைந்து பேர் ஒரு பதினாலு வயதுப் பையனை நம்பிப் பாடுகிறார்கள். அந்த வயதில் அவனை நம்பி நடக்கிற காரியம் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பேரில் ஒருவன். இங்கே அவன் பிசகினால் கச்சேரியே தள்ளாடும்.

சேர்ந்து பாடுவதும் தாளம் போடுவதும் ஆட்களுக்குள் ஒட்டுதலைக் கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஜெர்மனியில் நாலு வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடி ஆடியவர்கள் அடுத்து வந்த விளையாட்டில் ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள். பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த பிள்ளைகளிடமும் இதே பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்: அடுத்தவர் குரலைக் கேட்டுவிட்டுத்தான் தன் குரலை விடுவார்கள்.

இப்போது அவன் பேசாமல் இருப்பது அடம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் நிறுத்தியது பொழுதுபோக்கை மட்டும் அல்ல, அவனுடைய கூட்டத்தையும்தான். அதற்காக இசையை மருந்தாக்கவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம், சாப்பாடு சரியில்லாமல் இதே மாதிரி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்; 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணிலும் தமிழில் பேசலாம்.

சரி, அவன் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொடை பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி. விடிய விடிய நடக்கும். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிற பையனுக்கு எந்த வாத்தியமும் நல்லது செய்யாது. ஆகவே நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். சித்திரை, வைகாசி விடுமுறைக் கொடைகளுக்குப் போகட்டும். பள்ளி நாளில் கொடை என்றால் முன்னிரவுப் பாட்டோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மற்ற நாட்களில் மாலை அரைமணி நேரம் பழகினால் போதும், கை மறக்காது. 'மார்க் வாங்கினால்தான் குடம்' என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். பிடித்த காரியத்தைக் கூலியாக மாற்றினால் ருசி போய்விடும்.

காதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் யோசிப்பதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால்மணி நேரம்தான். மைக்செட் குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்தால் எளிதாக அந்த அளவைத் தாண்டும். குழாயை மேடைக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான காதடைப்பானை வைத்துக்கொண்டும் தாளம் கேட்கும். மறுநாள் காலையில் காதுக்குள் 'கொய்ங்' என்று கேட்டால், அது எச்சரிக்கை. அப்புறமும் அடங்காவிட்டால் காது மருத்துவரிடம் போக வேண்டும்.

பள்ளிப் படிப்பு முடிந்தபிறகும் ஆர்வம் இருந்தால் திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. தவில், மிருதங்கம் எல்லாம் மூன்று வருடப் படிப்பு. அதை அப்போது பார்க்கலாம்.

இப்போதைக்கு ஒரே ஒரு சிக்கல் பங்குனி உத்திரம். சாஸ்தா கோயில்களில் எல்லாம் அன்றைக்கு வில்லு கேட்பார்கள்; அடுத்த வருடம் அது பொதுத்தேர்வு நேரத்தை ஒட்டித்தான் வரும். அந்த வருடம் உத்திரத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி உங்கள் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் குடத்துக்கு ஆள் கிடைக்காது, பையனைத்தான் கூப்பிடுவார்.