ஹோம்ஸ்டெட் 1892: கேள்வி பதில்

கேள்வி: தொழிற்சங்கங்களை ஆதரித்து எழுதியவர் அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி. அவருடைய உருக்காலையிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது எப்படி?

பதில்: சங்கம் அமைக்கும் உரிமை முதலாளிகளின் உரிமைக்குக் குறைந்ததல்ல என்று 1886-இல் அவர் எழுதியது உண்மைதான். ஆனால் 1892-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஹோம்ஸ்டெட் ஆலையில் சங்கத்துடனான ஒப்பந்தம் காலாவதியானபோது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆலை அவருடைய நிர்வாகி ஹென்றி ஃப்ரிக்கின் கையில் இருந்தது. சங்கத்தை ஒழிக்கும் திட்டத்துக்குக் கடிதம் வழியாகச் சம்மதம் தந்தவரும் கார்னெகிதான். ஆகவே ஃப்ரிக்கை மட்டும் வில்லனாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: தகராறு கூலிக்காகத்தானே?

பதில்: பெயரளவில். திறன்மிக்க தொழிலாளர்களின் கூலி, எஃகின் சந்தை விலையோடு ஏறி இறங்கும். விலை எவ்வளவு சரிந்தாலும் டன்னுக்கு 25 டாலர் என்று வைத்தே கூலி கணக்கிடப்படும். அதை 22 ஆக்க வேண்டும் என்றார் ஃப்ரிக். பேரத்தில் அவர் 23 வரை ஏறினார், சங்கம் 24 வரை இறங்கியது. மிஞ்சியது ஒரு டாலர்! அதற்காகவா ஆலையைச் சுற்றி முள்கம்பி வேலி போடுவார்கள்? சங்கம் இருக்கலாமா கூடாதா என்பதுதான் உண்மையான தகராறு. சுமார் 3,800 பேரில் சங்க உறுப்பினர்கள் ஏறத்தாழ 800 பேர்தான். ஆனாலும் மற்றவர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

கேள்வி: ஃப்ரிக் வரவழைத்த பிங்கர்ட்டன்கள் போலீஸா?

பதில்: இல்லை, தனியார் நிறுவனத்தின் கூலிப்படை. ஜூலை 6 விடியற்காலையில் மொனாங்கஹீலா ஆற்றின் வழியே இரண்டு படகுகளில் 300 பேர் வந்தார்கள். எங்கே போகிறோம் என்பதே பலருக்குச் சொல்லப்படவில்லை. ஊரே கரையில் திரண்டது. இரு தரப்பும் சுட்டுக்கொண்டன. மாலையில் பிங்கர்ட்டன்கள் சரணடைந்தார்கள். தொழிலாளர் தரப்பில் ஏழு பேர், பிங்கர்ட்டன் தரப்பில் மூவர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள்.

கேள்வி: அப்படியென்றால் வெற்றி தொழிலாளர்களுக்குத்தானே?

பதில்: ஆறு நாள். ஜூலை 12 அன்று ஆளுநர் பாட்டிசன் அனுப்பிய 8,000-க்கும் மேற்பட்ட மாநிலப் படையினர் வந்து இறங்கினார்கள். அவர்கள் காவலில் புதிய ஆட்களைக் கொண்டு ஆலை ஓடத் தொடங்கியது. ஜூலை 23 அன்று அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற அராஜகவாதி (அரசே கூடாது என்ற கொள்கைக்காரர்) ஃப்ரிக்கைச் சுட்டார். சங்கத்துக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை, ஆனால் பழி சங்கத்தின் தலையில் விழுந்தது. ஃப்ரிக் பிழைத்துக்கொண்டார். போராட்டம் தோற்றதற்கு அந்தத் துப்பாக்கிச் சூட்டைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. படை வந்த அன்றே முடிவு தெரிந்துவிட்டது என்பேன் நான். நவம்பரில் தொழிலாளர்கள் கைவிட்டார்கள்.

கேள்வி: மே தினம் இதிலிருந்து பிறந்ததா?

பதில்: இல்லை. அது 1886-இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த கிளர்ச்சியிலிருந்து வந்தது. சென்னையில் 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடியதும் அதைத்தான்.