லாரியில் சென்டர் பேரிங்கை நாமே மாற்றலாமா?

தர்மபுரியில் லோடு ஏற்றிக் கிளம்பும்போது அடியில் உதறல், வேகம் கூடினால் உறுமல் வருகிறது, சென்டர் பேரிங்கை நாமே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சென்டர் பேரிங்தான், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீள ஷாஃப்டை நடுவில் தாங்கும் பேரிங். அடியில் போய் ஷாஃப்டை பேரிங் பக்கத்தில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் தொளதொளவென்று ஆடும். யூ.ஜே. கிராஸையும் (ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) அப்போதே ஆட்டிப் பாருங்கள். உதறல் அதனாலும் வரும்.

நீங்களே மாற்றலாம். ஆனால் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியர் வண்டியைப் பிடிக்காது. சமதளத்தில் நிறுத்தி, எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள்.

கழற்றும் முன் ஃபிளேஞ்சிலும் (ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) ஸ்ப்ளைன் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரிப் பகுதி) சேரும் இடத்திலும் பெயிண்ட் கோடு போடுங்கள். சாக்பீஸ் வேண்டாம், கிரீஸ் கை பட்டதும் அழிந்துவிடும். கோடு மாறி மாட்டினால் புது பேரிங் போட்டும் உதறல் நிற்காது. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பட்டறையில் எனக்கு அப்படித்தான் மாட்டினார்கள். மறுபடி முழுசாக இறக்க வேண்டியதாயிற்று.

பழைய பேரிங்கை புல்லர் (பேரிங்கைப் பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி) வைத்து இழுங்கள். புதியதை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் குழாய் வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகளின் பாதை பள்ளமாகிவிடும். பேரிங்கை வண்டிச் சட்டத்தோடு பிடிக்கும் பிராக்கெட்டுக்கு அடியில் தகடு இருந்தால் அதே இடத்தில் வையுங்கள். அப்புறம், தொப்பூர் கணவாய் இறங்கும் முன் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.