கயிறு இழுத்தா ஏமாத்தா?

அன்புள்ள அக்கா,
குழந்தைங்களோட ஜப்பான்ல தகாயாமா ஊர்ல கராகுரி பொம்மை மியூசியம் போனோம். டீ கொண்டு வர்ற பொம்மை சூப்பர். ஆனா மத்ததுல ஆளுங்க ஒளிஞ்சு நின்னு கயிறு இழுக்கிறாங்க, அதப் போய் இயந்திர பொம்மைன்னு சொல்றது ஏமாத்து இல்லையா? சிங்க முகமூடிங்க வரிசையா மாட்டி வெச்சிருந்தது போர். திருவிழாவுக்கு ஏப்ரல்ல போறதா அக்டோபர்லயா?

தம்பி,

குழந்தைங்கள கூட்டிட்டு அவ்ளோ தூரம் போய்ப் பாத்திருக்கீங்க, மனசு நெறஞ்சுது. ஆனா ஏமாத்துன்னு எழுதின கையில ரெண்டு தட்டு தட்டணும். கொஞ்ச நாளா என் மண்டைக்குள்ள ஓடிட்டிருந்த விஷயமே இதுதான்.

டீ பொம்மை அருமைதான், யார் இல்லன்னா. 1796லயே ஹோசோகாவா ஹன்சோன்னு ஒரு இயந்திர நிபுணர் அதோட பல்சக்கரத்தையெல்லாம் படம் போட்டு புத்தகமா விட்டுட்டாரு. தட்டுல கப்பு வெச்சா நடக்கும், எடுத்தா நிக்கும், திரும்ப வெச்சா வந்த வழியே போகும். ஆனா அது தப்பு பண்ணுமோன்னு யாராவது பயந்தாங்களா?

நான் பயந்திருக்கேன், தகாயாமா திருவிழாவுல வர்ற ஹோதெய்தாய்ங்கிற தேர் முன்னாடி. 36 கயிறு, இழுக்கிறவங்க எல்லாம் தேருக்குள்ள. ரெண்டு குட்டிப் பொம்மைங்க ஒரு கம்பிய விட்டு அடுத்த கம்பியப் பிடிச்சு தாவித் தாவிப் போய் ஹோதெய் சாமி மேல ஏறணும். நான் பாத்தப்போ ஒண்ணு பிடிக்காம ஆடிட்டே தொங்குச்சு, பக்கத்துல ஒரு தாத்தா முஷ்டிய இறுக்கிட்டாரு, எனக்குத் தெரியாமலே நானும் தோளத் தூக்கிட்டேன், பிடிச்சப்போ மொத்தக் கூட்டமும் ஆன்னு கத்துச்சு. உள்ள இருக்கிறவன் தவறலாம்ங்கிறதாலதான் தம்பி அந்தக் கத்தல். தனாகா ஹிசாஷிகே, அதான் பின்னாடி தோஷிபாவா வளந்த கம்பெனிய ஆரம்பிச்சவரு, அவருக்கே இது தெரிஞ்சிருக்கு. அவர் செஞ்ச அம்பு விடற பையன் முழுக்க ஸ்பிரிங்ல ஓடறவன், கயிறு இழுக்க ஆளே கிடையாது, ஆனா ஒரு அம்பு மட்டும் குறி தப்பற மாதிரி வேணும்னே செஞ்சு வெச்சிருக்காரு! இயந்திரம் செய்றவனே மனுஷன் தவறறத உள்ள கொண்டு வரப் பாக்கறான், நீங்க மனுஷன் இருந்தா ஏமாத்துங்கறீங்க.

முகமூடி போரடிக்கத்தான் செய்யும், சிங்கத்துக்குள்ள ஆள் இல்லையே. திருவிழா சிங்க ஆட்டத்துல அது ஆடறவன் தலைல ஏறி வாய் டப்பு டப்புன்னு அடிச்சு, நல்லது நடக்கட்டும்னு உங்க பொண்ணு தலையக் கடிக்க வரட்டும், அப்புறம் எழுதுங்க.

ஆங், தேதி. வசந்தத் திருவிழா ஏப்ரல் 14, 15. இலையுதிர் காலத்தது அக்டோபர் 9, 10, ஹோதெய் பாக்கணும்னா அப்பதான். மழை பெஞ்சா தேர வெளிய எடுக்க மாட்டாங்க, அதனால ரெண்டு நாளுக்கும் சேத்து ரூம் போடுங்க, அதையும் சீக்கிரமா போடுங்க.