தடுப்பதைத் தடுத்தால் மூளை: கேள்வி பதில்

கிண்டிப் பக்கமுள்ள ஓர் ஆய்வகத்தில் எலிக் கருக்களை நுண்ணோக்கியில் பார்த்தே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், பாலூட்டிகளின் கருவில் மூளை உருவாகத் தொடங்கும் விதத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வேளச்சேரி, பிளஸ் டூ மாணவி: மூளையின் வரைபடம் மரபணுவுக்குள் இருக்கிறதா, ஐயா?

இல்லை. கருவின் எல்லாச் செல்களிலும் ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. ஒரு செல், அக்கம்பக்கத்துச் செல்கள் சுரக்கும் புரதங்களின் அளவைக்கொண்டு தான் இருக்கும் இடத்தை அறிந்து, அதற்கேற்பச் சில மரபணுக்களைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. ஓடிஎக்ஸ்-2 என்னும் மரபணு திறந்திருக்கும் பகுதி முன்மூளையாகவும் நடுமூளையாகவும் ஆகிறது. ஹாக்ஸ் மரபணுக்கள் திறக்கும் பகுதி பின்மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகிறது. நடுமூளையும் பின்மூளையும் சந்திக்கும் இடுக்கில் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.-8 என்னும் புரதம், ஒரு புறம் நடுமூளையையும் மறுபுறம் சிறுமூளையையும் வளர்க்கிறது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போலத்தானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் புள்ளி வைக்கும் கை என்று ஒன்று அங்கே இல்லை.

தாம்பரம், உயிரியல் ஆசிரியர்: கருவின் வெளிப்படலம் நரம்புத் திசுவாகத் 'தூண்டப்படுகிறது' என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். தூண்டுவது எது?

இந்தக் கேள்விக்கு விடை காண ஏறத்தாழ 70 ஆண்டுகள் பிடித்தன. ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பேமானும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும் நியூட் என்னும் நீர்ப்பல்லியின் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார்கள். அங்கே, மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகும் நரம்புக் குழலுடன் இரண்டாவது உடலே முளைத்தது. அந்தக் கட்டுரை வெளிவந்த 1924-ஆம் ஆண்டிலேயே மாங்கோல்ட் ஒரு தீ விபத்தில் இறந்துபோனார். 1935-இல் நோபல் பரிசு ஸ்பேமானுக்கு மட்டும் கிடைத்தது.

அந்தத் துண்டு 'நரம்பாக ஆகு' என்று கட்டளையிடும் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்றே எல்லாரும் தேடினார்கள். 1990-களில் கிடைத்த விடை வேறாக இருந்தது. பி.எம்.பி. என்னும் புரதம்தான் வெளிப்படலத்தைத் 'தோலாக ஆகு' என்று தள்ளுகிறது. அந்தத் துண்டு சுரக்கும் நாகின், கோர்டின் ஆகிய புரதங்கள் பி.எம்.பி.யைப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. தொல்லை நீங்கியதும் செல்கள் நரம்பின் வழியில் செல்கின்றன. எனவே 'தூண்டுதல்' என்பதைவிட 'தடுப்பதைத் தடுத்தல்' என்பதே பொருத்தமான பெயர் என்பது என் கருத்து. எஃப்.ஜி.எஃப். வகைப் புரதங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

பாலூட்டிகளிலும் இதே தர்க்கம்தான், ஆனால் ஏற்பாடு சற்று விரிவானது. எலிக் கருவில் நாகின், கோர்டின் இரண்டையும் ஒருசேர நீக்கினால்தான் முன்மூளை பெரிதும் கெடுகிறது. ஒன்று போனால் மற்றது ஓரளவு ஈடுகட்டிவிடும். இதற்கும் முன்னதாக, பிற்காலத்தில் உடலாக ஆகப்போகாத ஒரு வெளியுறைத் திசு கருவின் முன்புறத்துக்கு நகர்ந்து வந்து, 'வாலாக ஆகு' என்னும் சமிக்ஞைகளைத் தடுக்கும் புரதங்களைச் சுரந்து, தலைக்கான இடத்தைக் காக்கிறது. இந்தக் காவலில் பங்குள்ள திசுக்களில் இயங்கும் லிம்-1 மரபணுவை 1995-இல் நீக்கிப் பார்த்தபோது, உடல் இருந்தும் தலை இல்லாத எலிக் கருக்கள் உருவாயின.

பெரம்பூர், இல்லத்தரசி: நாள் தள்ளிப்போனதும் ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கினால் போதாதா?

தாமதமாகிவிடும், அம்மா. தட்டையாக இருக்கும் நரம்புத் தகடு, வெற்றிலையின் இரு ஓரங்களையும் தூக்கி மடிப்பதைப் போல எழும்பி, குழலாக மூடிக்கொள்வது கருவுற்ற 28 நாள்களுக்குள் முடிந்துவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போய் ஏறத்தாழ இரண்டு வாரத்தில். மேல் முனை மூடாவிட்டால் மூளை உருப்பெறாது. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு உண்டாகும். எலியில் 200-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஏதேனும் ஒன்று கெட்டாலே இந்த மூடல் தவறக்கூடும். ஆனாலும் முன்பு இத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது என்று 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. பொதுவான அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம். முன்பு பாதிப்பு இருந்தவர்களுக்கு அதைவிட மிகுந்த அளவு தேவை என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பாருங்கள்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: அபிமன்யு கருவிலேயே கேட்டான் என்கிறார்களே?

மேற்சொன்னவை எல்லாம் நடக்கும்போது கருவுக்குக் கேட்கும் காது இல்லை. கேட்கத் தொடங்குவது ஆறாம் மாதத்தை ஒட்டித்தான்.

ராயபுரம், கால்நடை மருத்துவம் படிப்பவர்: ஒற்றைக்கண்ணுடன் பிறக்கும் ஆட்டுக்குட்டிக்கு மரபணுக் கோளாறுதான் காரணமா?

எப்போதும் அப்படி இல்லை. கண்ணுக்கான பகுதி முதலில் முன்மூளையின் நடுவே ஒரே பட்டையாகத்தான் இருக்கிறது. அடியிலிருந்து வரும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் புரதம் அந்தப் பட்டையின் நடுவில், கண்ணை உருவாக்கும் பாக்ஸ்-6 மரபணுவை அடக்குவதால்தான் அது இரண்டாகப் பிரிகிறது. 1996-இல் அந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட எலிக் கருக்கள் ஒற்றைக்கண்ணுடன் உருவாயின. ஆனால் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒற்றைக்கண்ணுடன் பிறந்த ஆட்டுக்குட்டிகளுக்கு மரபணுக் குறை எதுவும் இல்லை. சினையான 14-ஆம் நாளை ஒட்டித் தாய் ஆடுகள் மேய்ந்த வெராட்ரம் என்னும் மலைச்செடியில் உள்ள சைக்ளோபமின், அந்தப் புரதத்தின் சமிக்ஞையைச் செல்லுக்குள் சேரவிடாமல் தடுத்திருந்தது.

அம்பத்தூர், பெயர் வேண்டாம் என்றவர்: அக்காள் மகளை மணந்தவன் நான். உறவுத் திருமணத்தால் குழந்தையின் தலை சிறுத்துப் பிறக்கும் என்கிறார்கள்.

பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆபத்து கூடுகிறது என்பது மட்டுமே உண்மை. 2002-இல் கண்டறியப்பட்ட ஏ.எஸ்.பி.எம். போன்ற மரபணுக்களில், தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் பிறவிச் சிறுதலை உண்டாகிறது. நரம்புச் செல்களைப் பெற்றுத்தரும் மூலச் செல்கள் வேண்டிய அளவு பெருகாமல் போவதால் மூளை சிறுக்கிறது. ஒரே குடும்பத்தில் இருவரும் அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், மரபியல் ஆலோசகரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லிக் கேட்பது நல்லது.

அடையாறு, பொறியியல் மாணவர்: இதையெல்லாம் நம் ஊரில் பார்க்க முடியுமா?

சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில், மனிதக் கரு மூளையின் 5,132 நுண்சீவல் படங்களை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது. அவை கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களை, அதாவது நான்கு முதல் ஆறாம் மாதம் வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. நரம்புக் குழல் மூடி வெகு நாள் ஆன பிறகு உள்ள நிலை. பெருமூளையின் வெளியடுக்கான புறணியில் செல்கள் குடியேறுவது அப்போதும் நடந்துகொண்டிருக்கும். பின்னால் ஏறியவர் முன்னவர்களைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்று கூட்டமான 29சி பேருந்தில் நடத்துநர் சொல்வதைப் போல, பின்னால் பிறந்த செல் முன்னால் வந்தவற்றைக் கடந்து மேலே போய் அமர வேண்டும். மேற்பரப்பில் சுரக்கும் ரீலின் என்னும் புரதம் அதற்கு வேண்டும். அது இல்லாத எலிகளில் பின்னால் வந்த செல்கள் கீழேயே தங்கிவிடுகின்றன; அடுக்குகள் ஏறத்தாழத் தலைகீழாகின்றன; எலி தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது.